கிளச் அக்காவின் இடது கால்

ஒரு காரை ஓட்ட எத்தனை கால் வேண்டும்?

சிரிக்காதீர்கள், பதில் சொல்லுங்கள். இரண்டு என்றால் அந்த இரண்டாவது கால் எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளச் மிதிக்க என்பீர்கள். கிளச் எதற்கு? கியர் மாற்ற. கியர் எதற்கு? இந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். உலகத்தில் நடக்கிற அநியாயங்களில் பாதி இந்த "அது அப்படித்தான்" என்ற சொல்லின் நிழலில்தான் இளைப்பாறுகிறது. அந்தச் சொல்லை இருபத்தொரு வருடம் தானே சொல்லிப் பிழைத்துவிட்டு, ஒருநாள் அதன் சட்டையைப் பிடித்து உலுக்கிய ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். அவர் ஒரு மின்சாரக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று தவித்த கதைதான் இது.

பழகியவர்கள் எல்லோருக்கும் அவர் கிளச் அக்கா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். பள்ளி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே அறை, இரண்டு பெஞ்சு, ஒரு மேசை. சுவரில் சாலைக் குறிகளின் படம். வெயில் பட்டுப் பட்டு அதில் சிவப்பெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது, "நுழையாதே" என்ற குறி "வாங்க, உட்காருங்க" என்பது போல இருக்கும். வாசலில் மூன்று கார்கள். பக்கத்து இருக்கையில் உட்காரும் ஆசிரியருக்கும் காலடியில் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. அந்த இருக்கையில்தான் அக்காவின் வாழ்க்கை ஓடியது. ஒரு மணிநேரப் பாடத்தில் அவர் எத்தனை தடவை "கிளச், கிளச்" என்கிறார் என்று ஒரு மாணவர் எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று. பெயர் அன்றைக்கு விழுந்தது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. பழக்கம் காலுக்குள் இறங்கிவிட்டது. பேருந்தில் போனால் ஓட்டுநர் திருப்பத்துக்கு வரும்போது அக்காவின் இடது கால் தரையை அழுத்தும். வீட்டில் தொலைக்காட்சியில் கார் துரத்தல் காட்டினால் அழுத்தும். அவருக்கு வாங்கும் செருப்பு ஜோடியில் இடதுதான் முதலில் தேயும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கணவரின் காலை மிதித்துவிடுவார். "என் காலை மிதிச்சா கியர் விழாது, சோறுதான் விழும்" என்பார் அவர்.

கணவர் டீசல் பம்ப் மெக்கானிக். அக்காவின் கணவர் என்பதால் மாணவர்களுக்கு அவர் மாமா; தொழிலையும் சேர்த்து டீசல் மாமா. எஞ்சின் சத்தத்தை வைத்தே அதன் வயிற்றுவலி என்ன என்று சொல்லிவிடக்கூடியவர். நல்ல மனிதர். ஆனால் புகை விடாத எதையும் அவர் முழுதாக நம்பியதில்லை.

அந்தப் பள்ளிக்கு ஒரு காலைநேரத்தில் ஒரு பெண் வந்தாள். முனையிலிருக்கும் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள், முப்பத்திரண்டு வயது. குழந்தையில் வந்த போலியோவால் இடது காலில் பலம் இல்லை. முட்டிக்கு மேல்வரை ஏறும் கம்பிப் பட்டை கட்டியிருந்தாள். மருந்துக்கடைக்காரர் ஊரின் மறுகோடியில் இன்னொரு கடை திறக்கப்போகிறார். அதை முழுக்க இவள் பொறுப்பில் விடத் தயார். இரண்டு கடைக்கும் இடையில் மருந்து எடுத்துப் போக வர அவளுக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் வைத்த நிபந்தனை இது ஒன்றுதான். அவள் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே பள்ளி முதலாளியின் கண் அவள் காலுக்குப் போய்விட்டது.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவர் என்றால் சண்டை போடலாம். இவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தி அநியாயம் செய்பவர்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கிளச்சுக்கு இடது கால்ல நல்ல பலம் வேணும். அது அப்படித்தான்."

அவள் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் பேசினாள். "வெளிய போர்டுல 'எல்லோருக்கும் கற்றுத் தரப்படும்'னு எழுதியிருக்கீங்க. பக்கத்துலயே எத்தனை கால்னும் எழுதியிருந்தா நான் இந்தப் படியை ஏறியே இருக்க மாட்டேன் சார். உங்க படி நாலும் உயரம்."

இறங்கிப் போய்விட்டாள். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து பாடக் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளி சொன்ன அதே வாக்கியத்தை, அதே தாழ்ந்த குரலில், அக்காவே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். விபத்தில் கால் போன ஒரு தச்சர். பக்கவாதத்திலிருந்து மீண்ட ஒரு தபால்காரர். முட்டி மாற்றிய ஒரு பள்ளி நூலகர். எண்ணத் தொடங்கி பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது நினைவு தீர்ந்ததால் அல்ல.

இங்கே ஒரு நிமிடம் கிளச்சைப் பற்றிப் பேசியாக வேண்டும். பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு: நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்க அதற்குத் தெரியாது. தானே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் செத்துவிடும். அது செத்துவிடாமல், சுற்றுகிற எஞ்சினையும் நிற்கிற சக்கரத்தையும் மெல்ல மெல்லச் சேர்த்துவைக்கும் தரகு வேலைதான் கிளச். அந்தத் தரகு வேலைக்கு நூறு வருடத்துக்கு மேலாக மனிதன் தன் இடது காலைக் கூலிக்கு விட்டிருக்கிறான். கோளாறு இயந்திரத்தில், பழி காலின் மேல். சரிவில் வண்டி அணைந்துவிட்டால் "எனக்கு வராது, நான் மக்கு" என்று அழுத எத்தனையோ பேரை அக்கா பார்த்திருக்கிறார். எஞ்சின்தான் மக்கு என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மின்சார மோட்டாருக்கு இந்தக் கோளாறு இல்லை. நின்ற இடத்திலிருந்தே முழுப் பலத்தோடு இழுக்கும். தரகர் தேவையில்லை.

கிளச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அக்காவும் கேட்டுக்கொண்டார். ஆனால் பயிற்சி வண்டியின் வாழ்க்கை வேறு மாதிரி. அது ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நின்றுகொண்டே, ஊர்ந்துகொண்டே, விளக்கம் கேட்டுக்கொண்டே நாள் முழுக்க எண்ணெய் குடிக்கும். அதனால்தான் ஆட்டோமேட்டிக்கில் கற்றுத்தருகிற ஒன்றிரண்டு இடங்கள் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டன. மின்சார வண்டி நின்றால் நின்றதுதான். ஏறக்குறைய ஒன்றும் செலவில்லை. அப்படியொரு வண்டி சம்பளக்காரர்களுக்கு எட்டும் விலையில் வந்தால்?

வந்திருந்தது. பாடம் எடுக்கும் வழியில் ஒரு பெரிய சிக்னல். அதையொட்டி ஒரு கார் விற்பனைக் கூடம். அந்த சிக்னலில் பச்சை விழுந்ததும் புது மாணவர்கள் தவறாமல் வண்டியை அணைத்துவிடுவார்கள். பின்னால் ஹாரன்கள் அலறும், மாணவர் வியர்ப்பார், அக்கா "பதறாதீங்க, கிளச், மெல்ல" என்று சொல்லிவிட்டுக் கூடத்தின் கண்ணாடிக்குள் பார்ப்பார். இப்படி வண்டி அணைந்து அணைந்தே, அந்தக் கூடத்தில் நின்ற சின்ன மின்சாரக் காரின் விவரப் பலகையை அவர் வரி வரியாகப் படித்து முடித்துவிட்டார். இருப்பதிலேயே விலை குறைந்தது. நான்கு பேர் உட்காரலாம். பின்னால் உட்காருபவர்கள் கொஞ்சம் சொந்தமாக இருந்தால் நல்லது. பார்த்ததும் பிடித்துப்போகும் இளநீல நிறம். மருந்துக்கடைப் பெண் வந்து போன மறுநாள், அதே சிக்னலில், அணைத்தது மாணவர் அல்ல. அக்காதான் ஆசிரியர் கிளச்சை மிதிக்க மறந்து அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது ஜுரம். ஆனால் அக்கா ஜுரத்திலும் புத்தியோடு இருப்பவர். பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிவைக்கும் புத்தகம் உண்டு. மூன்று மாதப் பக்கங்களை எடுத்துவந்து, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் கூட்டினார். அதிகமாக ஓடிய நாளில் எழுபத்து நான்கு கிலோமீட்டர். வீட்டிலிருந்து அதிகமாக விலகிப் போன இடம், உரிமத் தேர்வு மைதானம்; ஒன்பது கிலோமீட்டர். ஒரு தடவை சார்ஜ் செய்தால் எவ்வளவு ஓடும் என்று கம்பெனி சொன்ன எண்ணில் மூன்றில் ஒரு பங்கை அவர்கள் அடித்துக்கொள்ளும் பெருமைக்கென்று கழித்தார். மீதி, அவருக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

"எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு தூரம் போகும்னு ஊரே கேக்குது" என்று அந்தத் தாளைக் கணவரிடம் நீட்டினார். "நான் இருபத்தொரு வருஷமா ஒன்பது கிலோமீட்டருக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கேங்க. செக்குக்கு எதுக்கு நெடுஞ்சாலை?"

டீசல் மாமா தாளைப் பார்க்கவில்லை. "சத்தமே போடாத வண்டிக்கு உடம்பு சரியில்லைன்னா எப்படித் தெரியும்?"

"நீங்ககூடத்தான் கோவம் வந்தா சத்தம் போட மாட்டீங்க. எனக்குத் தெரியலயா?"

அவருடைய சந்தேகங்கள் அதோடு முடியவில்லை. மழைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும், வெயிலில் பேட்டரி என்ன ஆகும், பத்து வருடம் கழித்து யார் பிரித்துப் பார்ப்பார்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள் என்று அக்கா ஒத்துக்கொண்டார். விற்பவர்களிடம் கேட்கவில்லை. அதே காரை இரண்டு வருடமாக ஓட்டுகிற ஒரு ரொட்டி விநியோகக்காரரைத் தேடிப்பிடித்து, "புகழாதீங்க, குறையை மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் மகிழ்ச்சியோடு திட்டினார். ஏசி போட்டால் தூரம் குறையும். டயர் சீக்கிரம் தேயும். பழுது பார்க்கும் இடம் ஊரில் ஒன்றே ஒன்று, அங்கே காத்திருக்கவைப்பார்கள். சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும், ராத்திரி மாட்டிவிட்டுத் தூங்கிவிட வேண்டும். தண்ணீர் தேங்கிய தெருவில் பலமுறை போயிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. பேட்டரிக்கு எட்டு வருட உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறது. "வேற வண்டிக்கு மாறுவீங்களா?" என்று கடைசியாகக் கேட்டதற்கு அவர் அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதுக்கு?"

அக்கா துள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. சன்னலுக்குப் பக்கத்திலேயே மின் இணைப்பு. ஆனால் துள்ளுவது வேறு, குதிப்பது வேறு. மின்சார வண்டி வாங்கலாமா என்று கேட்டதற்குப் பள்ளி முதலாளி, கிளச் இல்லாத வண்டியில் கற்றவன் ஓட்டுநரே இல்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே சொந்தமாக வாங்கி, வேலையை விட்டு, தனியாகத்தான் தொடங்க வேண்டும். மாடியில் ஓர் அறை கட்டுவதற்கென்று பத்து வருடமாகச் சேர்த்தது அப்படியே காருக்குப் போகும். மாணவர் வராவிட்டால் அறையும் இல்லை, வேலையும் இல்லை. நாற்பத்தாறு வயதில் இன்னொரு பள்ளியில் போய் நிற்க வேண்டும்.

"முதல்ல ஓட்டிப் பாரு" என்றார் மாமா. "ஓட்டாம எதையும் வாங்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கூடத்துக்குப் போனார்கள். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் கையில் கோப்போடு வந்தார். முதலில் அவர் ஓட்டிக் காட்டினார். பக்கத்து இருக்கையில் அக்காவின் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அக்கா ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார்.

வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. சத்தமில்லை, உதறலில்லை. அக்காவின் முகத்தில் பொறுப்பான பெரியவர்களுக்குப் பொருந்தாத ஒரு சிரிப்பு. முதல் வேகத்தடை வந்தது. வேகத்தடை என்றால் கியர் குறைக்க வேண்டும். கியர் என்றால் கிளச். இருபத்தொரு வருடம் கேட்டுப் பழகிய இடது கால், யாரையும் கேட்காமல், முழுப் பலத்தோடு இறங்கியது. அங்கே கிளச் இல்லை. இருந்தது பிரேக்.

கார் சுவரில் மோதியதுபோல நின்றது. கோப்பு பறந்து கண்ணாடியில் அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த டீசல் மாமாவின் நெற்றி முன் இருக்கையில் இடித்தது. அக்கா மன்னிப்புக் கேட்டார், மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார், மறுபடி கிளம்பினார். அடுத்த திருப்பத்தில் மறுபடி அதே கால், அதே பிரேக், அதே நெற்றி.

விற்பனையாளர் மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மிகவும் பணிவாகக் கேட்டார்: "மேடம், நீங்க இதுக்கு முன்னாடி கார் ஓட்டியிருக்கீங்களா?"

ஆயிரக்கணக்கான பேருக்கு ஓட்டக் கற்றுத்தந்த பெண்மணி முறைப்படி இண்டிகேட்டர் போட்டார். ஓரமாக நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

திரும்பி நடக்கும்போது மாமாவின் நெற்றியில் ஒரு கோலிக்குண்டு முளைத்துக்கொண்டிருந்தது. டீசல் வண்டியாக இருந்தால் இடிக்கப்போகிறோம் என்று சத்தமாவது கேட்டிருக்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

"என் காலே எனக்கு அடங்கலைங்க. இதை வெச்சுக்கிட்டு ஊருக்கு என்ன சொல்லித் தரப்போறேன்? வேண்டாம். மாடி ரூமே கட்டிக்கலாம்."

மாமா அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. இந்தச் சொல்லுக்காகத்தானே இத்தனை நாள் அவர் வாதாடினார்? ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முனைக்கு வந்ததும் "நெத்திக்கு ஏதாவது வாங்கிட்டுப் போலாம்" என்று மட்டும் சொன்னார்.

மருந்துக்கடையில் அந்தப் பெண்தான் இருந்தாள். களிம்பை எடுத்துக்கொண்டே, யார் அடித்தது மாமா என்று கேட்டாள். மாமா விரலால் மனைவியைக் காட்டினார். பிறகு நடந்ததைச் சொல்லத் தொடங்கி, கோப்பு பறந்ததையும் விற்பனையாளர் கேட்ட கேள்வியையும் அவர் நடித்தே காட்ட, கடைக்கு வந்த இரண்டு பேர் மருந்துச் சீட்டை மறந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு களிம்புக் குழாயைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

"இருங்க அக்கா. அந்த வண்டியில இடது காலுக்கு வேலையே இல்லையா?"

"இல்லை. அதான் பிரச்சினையே. சும்மா இருக்க மாட்டேங்குது."

அவள் மேசையைச் சுற்றி மெல்ல வெளியே வந்தாள். தன் கம்பிப் பட்டையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்னோடது முப்பது வருஷமா சும்மா இருக்கப் பழகிக்கிட்டிருக்கு அக்கா. யாரும் அதுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை."

அக்கா அவள் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். எந்தக் காலைக் காட்டி அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார்களோ அந்தக் கால், இந்தக் காருக்குக் கச்சிதமான கால். எந்தக் காலை நம்பி இருபத்தொரு வருடம் சம்பளம் வாங்கினாரோ அதுதான் இந்தக் காரில் ஊனம். ஊனம் என்ற சொல் உடம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நாம் எந்த இயந்திரத்தை, எந்தப் படிக்கட்டை, எந்தப் பலகையைக் கட்டி நிறுத்துகிறோமோ அதில் இருக்கிறது. இதைப் பெரிய பெரிய புத்தகங்களில் படித்திருக்கிறேன். களிம்புக் குழாயோடு ஒரு மருந்துக்கடைப் பெண் சொன்னதை அக்கா வாயால் கேட்டபோதுதான் புத்தகங்கள் எவ்வளவு சுற்றி வளைக்கின்றன என்று புரிந்தது.

"அடுத்த ஞாயிறு லீவு போடு" என்றார் அக்கா.

அவளிடம் உரிமம் இல்லை. சாலையில் ஓட்ட முடியாது. கூடத்துக்குப் பின்னால் புதுக் கார்களை இறக்கும் மதில் கட்டிய முற்றம் ஒன்று இருந்தது. அங்கே ஓட்டலாமா என்று கேட்டதும் விற்பனையாளர் இழுத்தார். மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வீக்கம் மஞ்சளாகிப் பச்சையாகிப் பார்க்கவே பயங்கரமாக இருந்தது. மேலாளர் வெளியே வந்து அந்த நெற்றியைப் பார்த்தார். பத்து நிமிடம் தாராளமாக ஓட்டிக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் பெண் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி உள்ளே ஓரமாக வைத்தாள், ஒரு பையை வைப்பது போல. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இடது செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் காலை மடித்துத் தன் வலது தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கைதியைக் காவலில் வைத்ததுபோல. வலது கால்தான் முடுக்கும், வலது கால்தான் நிறுத்தும், எடுத்தாலே வண்டி தானாக மெதுவாகும் என்று சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் பாடம்.

வண்டி நகர்ந்தது.

முற்றத்தின் நடுவில் இருந்த டயர் அடுக்கைச் சுற்றி ஒரு வட்டம். அக்காவின் வாய் மூன்று தடவை திறந்தது. மூன்று தடவையும் சொல்ல வேண்டிய சொல் அங்கே இல்லை. நூற்று நாற்பத்து மூன்று தடவை சொல்லும் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் ஒரு ஆசிரியரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவருக்கு ஒரு கணம் பயமாகவே இருந்ததாம். பிறகுதான் கவனித்தார்: கண் சும்மா இருக்கிறது. மாணவரின் காலைப் பார்க்க வேண்டியதில்லை. அவள் எங்கே பார்க்கிறாள், கண்ணாடியைப் பார்க்கிறாளா, திருப்பத்தை முன்கூட்டியே நினைக்கிறாளா என்று பார்க்கலாம். இத்தனை வருடம் மிதிகளைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். சாலையைக் கற்றுக்கொடுக்க நேரமே இருந்ததில்லை.

"ஏன் அக்கா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க? சரியாத்தான் ஓட்டுறேனா?"

"நீ ஓட்டு. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. முதல் தடவையா."

இரண்டாவது வட்டத்தில் அவள் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். பின்னோக்கி எடுக்கும்போது ஒரு காலி அட்டைப்பெட்டியைச் சப்பையாக்கினாள். நிறுத்தி, திரும்பி, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "கிளச் மிதிச்சிருக்கணுமோ?" என்று கேட்டாள். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சிரிப்பின் நீர் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

இறங்கிப் பார்த்தால் மாமாவைக் காணோம். காரின் மறுபக்கம் கதவைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு மல்லாந்து படுத்து, மிதிகளுக்கு அடியில் தலையை விட்டிருந்தார். விற்பனையாளர் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆசிரியருக்கு ரெண்டாவது பிரேக் போடலாம். நல்லா இடம் இருக்கு. கிளச்சுக்குத்தான் இடமே இல்ல."

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவர் பாணியில் இது பெரிய சம்மதம். அக்கா ஒரு செருப்போடு நடந்து போய்க் கையெழுத்துப் போட்டார். இன்னொரு செருப்பை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் பூ தூவிய பாதை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். இரண்டாவது பிரேக்குக்கு ஒப்புதல் தர போக்குவரத்து அலுவலகத்தில் மூன்று முறை அலையவிட்டார்கள். பழைய முதலாளி அந்தக் காருக்கு "சோப்பு டப்பா" என்று பெயர் வைத்தார். முதல் மாதம் மாணவர் இரண்டே பேர். அக்கா வீட்டில் ஒரே கவலை, ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் சன்னலுக்குள்ளிருந்து வரும் சார்ஜ் கம்பியைக் கழற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது கவலைப்படுகிற முகமாகத் தெரியவில்லை. இடது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இன்றும் வண்டியில் ஏறுகிறார். வெறுங்காலுக்கு எதை மிதிக்கிறோம் என்று கொஞ்சம் புத்தி இருக்கிறதாம்.

மருந்துக்கடைப் பெண்ணின் தேர்வு நாள் வந்தது. நிறுத்தினாள், திருப்பினாள், பின்னோக்கிக் கட்டத்துக்குள் கச்சிதமாக விட்டாள். தேர்வாளர் குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் கடைசியில் அவள் காலைப் பார்த்து, "இடது கால் என்னம்மா பண்ணுது?" என்றார்.

"சும்மா இருக்கு சார். இந்த வண்டியில உங்க காலும் சும்மாதான் இருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். இரண்டே மிதிகள். நிமிர்ந்து கையெழுத்துப் போட்டார். மறுகோடிக் கடை இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. படி இல்லாமல் சாய்தளம் போட வேண்டும் என்பதுதான் அவள் வைத்த நிபந்தனை.

பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தச்சரை அக்காவே வீடு தேடிப் போய்க் கூப்பிட்டார். நூலகர் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்தார். எஞ்சின் அணைந்து அணைந்து, நம்மால் முடியாது என்று என்றைக்கோ வீட்டுக்குள் போய்விட்ட பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த இளநீல வண்டிக்கு ஓய்வில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதுவும் கொஞ்சம் மின்சாரம் சாப்பிடுகிறது. மாடியில் அறை இல்லை. மாமா மொட்டை மாடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் வரும் காரை எட்டுத் தெருவுக்கு முன்னாலேயே கண்டுபிடிக்க முடிகிறது என்று பெருமையடித்துக்கொள்கிறார். எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

தினமும் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுபவராக நீங்கள் இருந்தால் இந்தக் கார் உங்களுக்கு வேண்டாம். அக்காவே வேண்டாம் என்பார். ஆனால் உங்களிடம் நான் கேட்பது கார் வாங்கச் சொல்லி அல்ல. உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கும். நாளைக் காலையில் படியேறி உள்ளே போங்கள். கார் ஓட்ட எத்தனை கால் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு என்பார்கள். அது அப்படித்தான் என்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, எழுந்து வந்துவிடாமல், இதுவரை யார் யாரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டு, அவர்கள் வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பிறகு அந்த வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள்.